முதலில் கடிவாளம், பிறகு வரிசை: கணக்கும் கலியாண வீடியோவும் ஒரே வட்டில் ஓடும்போது

திருகோணமலை உவர்மலையில் என் மச்சான் ஒரு சிறிய ஸ்டுடியோ நடத்துகிறார். எல்லா வேலைக்கும் ஒரே கணினிதான்: 16 கிகாபைட் நினைவகம், ஒரு 4 டெராபைட் சுழல்வட்டு, உபுண்டு லினக்ஸ். முன்மேசையில் இருக்கும் அக்கா அதில் ஓடும் கணக்கு மென்பொருளில் பில் அடிப்பார். பின்னறையில் கமரா காட்களிலிருந்து வீடியோவை இறக்குவார்கள். ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கி, மூன்று காட்களை ஒன்றாகச் செருகும் நாளில் முன்மேசை அப்படியே உறைந்து போகும். "மச்சான், சனம் காத்துக்கொண்டு நிக்குது, பில் வருதில்ல" என்று தொலைபேசி வரும்.

அவர் என்னிடம் கேட்ட கேள்வி: "எந்த ஷெடியூலர் நல்லது?" அங்கங்கே படித்துவிட்டு பி.எஃப்.கியூ என்ற ஷெடியூலருக்கு மாறுவதாக முடிவெடுத்தும் வைத்திருந்தார். கேள்வியில் பாதி விடுபட்டிருக்கிறது என்று சொன்னேன். வட்டுக்குப் போகும் வேலைகளை எந்த ஒழுங்கில் அனுப்புவது என்பது ஷெடியூலரின் வேலை. எழுதுகிறவனை எப்போது நிறுத்திவைப்பது என்பது கேர்னலில், அதாவது இயங்குதளத்தின் மையத்தில், இன்னொரு பகுதியின் வேலை. அதை இங்கே கடிவாளம் என்கிறேன். ஒன்றைத் தொட்டால் மற்றதும் அசையும். ஆகவே இரண்டையும் சேர்த்துத்தான் தெரிவுசெய்ய வேண்டும்.

கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்படுவதற்கு முன் அந்தப் பக்கம் போனவர்களுக்குப் பாதை நினைவிருக்கும். வாகனங்களை ஏற்றிக் கடத்தும் அந்தத் தட்டைப் படகைத்தான் சொல்கிறேன். துறையில் நின்று எந்த வாகனம் முதலில் ஏற வேண்டும் என்று கைகாட்டுகிறவர் ஷெடியூலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் எவ்வளவு நியாயமானவராக இருந்தாலும், ஏற்கனவே பாதையில் ஏறிவிட்ட லொறிகளை இறக்க முடியாது. துறைக்கு இறங்கும் வீதி முழுவதும் லொறிகள் அடைத்து நின்றால், பின்னால் வரும் அம்புலன்ஸ் அவர் கண்ணிலேயே படாது. வீதியின் மேல்முனையில் லொறிகளை மறித்துவைக்கிற ஒருவரும் தேவை. அவர்தான் கடிவாளம்.

இனி கணினிக்குள் வருவோம். ஒரு நிரல் கோப்பில் எழுதும்போது அது உடனே வட்டுக்குப் போவதில்லை. நினைவகத்தில் பக்கங்களாகத் தங்குகிறது. இன்னும் வட்டைச் சேராத இந்தப் பக்கங்களை டேர்ட்டி பக்கங்கள் என்பார்கள். லினக்ஸின் இயல்பு அமைப்பில், பயன்படுத்தக்கூடிய நினைவகத்தில் 10 வீதத்தை அவை எட்டினால் ஃப்ளஷர் என்ற பின்புல வேலையாள் எழுதத் தொடங்குவார். மேல்வரம்பு 20 வீதம். இவ்விரண்டுக்கும் நடுப்புள்ளியைக் கடந்ததுமே எழுதுகிற நிரலைச் சிறிது சிறிதாகத் தூங்கவைக்கத் தொடங்குகிறது கேர்னல். ஒரு தூக்கம் அதிகம் போனால் 200 மில்லிவினாடி.

மச்சானின் கணினியில் 20 வீதம் என்பது ஏறக்குறைய 3 கிகாபைட். வட்டு தொடர்ச்சியாக எழுதினால் வினாடிக்கு 150 மெகாபைட் வரை போகலாம். மூன்று கோப்புகளுக்கிடையே தாவித் தாவி எழுதும்போது அதில் பாதிதான் கிடைக்கும். வினாடிக்கு 80 என்று வைத்தால், 3 கிகாபைட் வடிய 40 வினாடி அளவில் வேண்டும். அக்காவின் பில் மாட்டிக்கொள்வது இந்த 40 வினாடிக்குள்தான்.

இதைச் சதவீதத்தில் வைத்தது நினைவகம் சிறிதாக இருந்த காலத்து வழக்கம். 512 மெகாபைட் நினைவகத்தில் 20 வீதம் 100 மெகாபைட். சுழல்வட்டு அதை ஓரிரு வினாடியில் முடித்துவிடும். நினைவகம் முப்பது மடங்கு பெருத்துவிட்டது, சுழல்வட்டின் வேகம் அப்படிப் பெருகவில்லை. கோளாறு இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

அப்படியானால் வரம்பை மிகவும் இறுக்கிவிடலாமே என்று தோன்றும். சுழல்வட்டில் அதற்கு ஒரு விலை உண்டு. நிமிடத்துக்கு 7200 சுற்றும் வட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி எடுக்கிறது. வட்டில் எழுதும் தலை நகரும் நேரத்தையும் சேர்த்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய வேலைகள் வினாடிக்கு 80 அளவில்தான் முடியும். சிதறிய 2000 சிறு எழுத்துகள் (வட்டில் எழுதும் வேலைகளைச் சொல்கிறேன்), ஒவ்வொன்றும் 4 கிலோபைட், மொத்தம் 8 மெகாபைட்கூட இல்லை. ஆனால் 25 வினாடி தின்றுவிடும். அதே 8 மெகாபைட் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒரு வினாடியின் இருபதில் ஒரு பங்கு போதும். ஷெடியூலரின் முழுத் திறமையும் சிதறிக் கிடப்பதை இட ஒழுங்கில் அடுக்கிக் கோப்பதில் இருக்கிறது. அடுக்குவதற்குக் கையில் நிறைய வேலை வேண்டும். கூட்டம் பெரிதானால் ஷெடியூலருக்கு நல்லது, கூட்டம் சிறிதானால் காத்திருப்பவருக்கு நல்லது. எந்த அமைப்பைத் தெரிவுசெய்தாலும் இந்த இழுபறியில் எங்கே நிற்பது என்றுதான் தெரிவுசெய்கிறோம்.

பழைய கேர்னல்கள் இதில் பெரிய தவறு செய்தன. லினக்ஸ் கேர்னலின் 3.2 பதிப்புக்கு முன், வரம்பைத் தாண்டிய நிரலை நிறுத்திவைப்பதற்குப் பதில் அதையே வட்டுக்கு எழுதச் சொல்லி அனுப்பினார்கள். பத்து நிரல் மாட்டினால் பத்தும் பத்துத் திசையில் வட்டை இழுக்கும். ஷெடியூலர் எவ்வளவு அடுக்கினாலும் தலை ஓடிக்கொண்டே இருக்கும். 2012 ஜனவரியில் வந்த 3.2இல் வூ ஃபெங்குவாங் அதை மாற்றினார். எழுதுகிறவன் தூங்குவான், எழுதும் வேலையை ஃப்ளஷர் ஒருவரே ஒழுங்காகச் செய்வார். கடிவாளத்தைத் திருத்தியதால் ஷெடியூலரின் வேலை இலகுவானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

ஆனால் ஃப்ளஷர் எழுதுவதால் இன்னொரு சிக்கல். மச்சான் முதலில் செய்தது, கொப்பி பண்ணும் நிரலுக்கு ஐயோநைஸ் கட்டளையால் மிகக் குறைந்த முன்னுரிமை கொடுத்தது. எந்த மாற்றமும் தெரியவில்லை. தெரியாதது சரியே. அந்த முன்னுரிமை வாசிப்புக்கும், நினைவகத்தில் தங்காமல் போகும் நேரடி எழுத்துக்கும்தான் செல்லும். நினைவகம் வழியாகப் போகும் சாதாரண எழுத்தை வட்டுக்குக் கொண்டுபோவது ஃப்ளஷர், கொப்பி நிரல் அல்ல. துறையில் நிற்பவருக்குத் தெரிவது லொறிக்காரர் மட்டும்தான், சரக்கு யாருடையது என்பது தெரியாது.

தெரிவு ஒன்று: இருப்பதை அப்படியே விடுவது

சாட்டா சுழல்வட்டுக்கு லினக்ஸ் இயல்பாகக் கொடுப்பது எம்கியூ-டெட்லைன். எளிய, நம்பகமான ஷெடியூலர். வாசிப்புக்கு 500 மில்லிவினாடி, எழுத்துக்கு 5 வினாடி என்று கெடு வைக்கும். கெடு தாண்டியதை இட ஒழுங்கை மீறி முன்னே எடுக்கும். வாசிப்புக்கே முதலிடம், ஆனால் எழுத்தை இரண்டு முறைக்கு மேல் தள்ளிப்போடாது. இந்தக் கெடு உத்தரவாதம் அல்ல. வட்டு ஏற்கனவே விழுங்கிய வேலையை எந்தக் கெடுவாலும் வெளியே எடுக்க முடியாது. இன்றைய சாட்டா வட்டு 32 கட்டளை வரை தன் வரிசையில் வாங்கிக்கொள்ளும், அதற்கு மேல் தன் சொந்த இடைநினைவகத்திலும் எழுத்துகளைப் பிடித்துவைக்கும்.

இதற்காகத்தான் ஜென்ஸ் ஆக்ஸ்போ 4.10இல் (2017 தொடக்கம்) டபிள்யூ.பி.டி.யை (ரைட்பெக் த்ரொட்லிங்) சேர்த்தார். இது ஷெடியூலருக்கு அருகிலேயே உட்கார்ந்திருக்கும் இரண்டாவது கடிவாளம். வலையமைப்பு வரிசைகளுக்காக எழுந்த கோடல் முறையின் சிந்தனையை எடுத்துக்கொண்டது. வாசிப்புகள் எவ்வளவு நேரத்தில் முடிகின்றன என்று பார்த்துக்கொண்டே இருக்கும். சுழல்வட்டில் 75 மில்லிவினாடி, சுழலும் பாகமில்லாத எஸ்.எஸ்.டி.யில் 2 மில்லிவினாடி என்ற இலக்கு தவறினால் பின்புல எழுத்துகளுக்கான இடத்தைச் சுருக்கும். யாரும் காத்திராத எழுத்துக்குக் குறைந்த இடம், ஒருவர் காத்திருக்கும் எழுத்துக்குக் கூடிய இடம். எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடிக்கும். எவ்வளவு வேகமான வட்டு என்று யாரும் சொல்லித் தராமலே அளந்து நடக்கிறது.

ஆனால் மேலே தேங்கி நிற்கும் 3 கிகாபைட்டை இது குறைப்பதில்லை. துறையை ஒழுங்காக வைத்திருக்கிறது, வீதி அடைத்துத்தான் கிடக்கிறது. மச்சானின் வட்டில் டபிள்யூ.பி.டி. இயங்கிக்கொண்டிருந்தபோதும் பில் நின்றது. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

தெரிவு இரண்டு: பி.எஃப்.கியூ

பாவ்லோ வாலெந்தேயும் அவருடன் சேர்ந்தவர்களும் உருவாக்கி, 2017இல் 4.12 கேர்னலில் சேர்ந்த ஷெடியூலர். ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு பங்கு கொடுத்து, மனிதர் கைவைத்துக் காத்திருக்கும் நிரலைக் கண்டுபிடித்து அதை உயர்த்தும். பெரிய கொப்பி ஓடும்போதே உலாவியைத் திறக்க வேண்டும் என்றால், சுழல்வட்டு உள்ள வீட்டுக் கணினிக்கு இதைவிட நல்லது இல்லை என்றே நினைக்கிறேன்.

கவனிக்க வேண்டியது ஒன்று: பி.எஃப்.கியூவைத் தெரிவுசெய்தவுடன் கேர்னல் டபிள்யூ.பி.டி.யை நிறுத்திவிடும். இரண்டும் ஒரே வேலையை வெவ்வேறு வழியில் செய்ய முயன்று முட்டிக்கொள்ளும் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். பின்புல எழுத்துகளுக்கான இடத்தை பி.எஃப்.கியூ தானே அளவிடும். ஆகவே ஷெடியூலரை மட்டும் மாற்றினேன் என்று யாராவது சொன்னால், கடிவாளத்தையும் மாற்றிவிட்டார் என்பதே உண்மை. இரண்டையும் ஒப்பிட்டுச் சோதிக்கும் பலர் தவறவிடும் இடம் இது. வேறுபாடு ஷெடியூலரால் வந்ததா கடிவாளத்தால் வந்ததா என்று அவர்களுக்கே தெரியாது.

மச்சானுக்கு இதை ஏன் முதல் தெரிவாகச் சொல்லவில்லை? அக்கா பில் அடிக்கும்போது நிற்பது வாசிப்பு அல்ல. ஒவ்வொரு பில்லும் வட்டைச் சேர்ந்துவிட்டது என்று உறுதிசெய்ய கணக்கு மென்பொருள் எஃப்சிங்க் அழைக்கிறது. இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் அந்த அழைப்பு, மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேடான ஜேர்னலின் நடப்புப் பரிவர்த்தனையை முடிக்கச் சொல்லும். அதே பரிவர்த்தனையில் வீடியோக் கோப்புகளுக்கும் வட்டில் புதிய இடம் ஒதுக்கப்பட்டிருந்தால், இயல்பான ஓர்டர்ட் முறையில் அந்த வீடியோத் தரவு வட்டைச் சேரும்வரை ஜேர்னல் காத்திருக்கும். ஒரு சிறிய பில், நூற்றுக்கணக்கான மெகாபைட் வீடியோவின் பின்னால் நிற்கிறது. இந்தத் தங்குதலைக் கோப்பு முறைமைதான் உண்டாக்குகிறது, ஷெடியூலர் கண்ணுக்கு அது தெரியாது. பில்லுக்கு எவ்வளவு உயர்ந்த இடம் கொடுத்தாலும், அது தாழ்ந்த இடத்திலுள்ள வீடியோவுக்காகவே காத்திருக்கிறது. வீடியோவை இன்னும் பின்னே தள்ளினால் பில்லும் சேர்ந்து பின்னே போகும்.

தெரிவு மூன்று: வரம்பைப் பைட்டில் வைப்பது

சதவீதத்தை விட்டு, டேர்ட்டி பைட்ஸ், டேர்ட்டி பெக்ரவுண்ட் பைட்ஸ் என்ற இரண்டு அமைப்புகளில் நேரடி அளவைக் கொடுக்கலாம். ஒன்றை எழுதினால் அதற்கிணையான சதவீத அமைப்பு தானாகப் பூச்சியமாகிவிடும். பயப்பட வேண்டாம், அது அப்படித்தான்.

எவ்வளவு கொடுப்பது? கண்ணை மூடிக்கொண்டு 16 மெகாபைட் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது சுழல்வட்டைக் கெடுத்துவிடும். ஃப்ளஷர் ஒரு கோப்பைக் கையிலெடுத்தால் ஏறக்குறைய அரை வினாடியில் எழுதக்கூடிய அளவை ஒரே மூச்சில் எழுதிவிட்டு அடுத்த கோப்புக்குப் போக முயலும். ஆனால் அந்த மூச்சின் நீளம் மொத்த வரம்பின் எட்டில் ஒன்றைத் தாண்டாது, 4 மெகாபைட்டுக்குக் கீழும் போகாது. வட்டு வினாடிக்கு 150 மெகாபைட் எழுதும் என்றால் அரை வினாடிக்கு 75. எட்டால் பெருக்கினால் 600. ஆக, 512 மெகாபைட் வரம்பு கொடுத்தால் ஒவ்வொரு மூச்சும் 64 மெகாபைட், கிட்டத்தட்ட முழு மூச்சு. வட்டின் தொடர் வேகம் கெடாது. 16 மெகாபைட் கொடுத்தால் மூச்சு 4 மெகாபைட்டாகச் சுருங்கி, மூன்று வீடியோக் கோப்புகளுக்கிடையே தலை ஓயாமல் தாவும். கொப்பி வேகமும் போய், பில்லும் நிற்கும்.

512 மெகாபைட் வரம்பில் தேங்கியது வடிய ஏழு வினாடிக்குள்தான் வேண்டும், 40 தேவையில்லை. ஃப்ளஷரை 128இலேயே தொடங்கவைத்தால் வரம்பை முட்டுவதே குறையும். எஃப்சிங்க் இழுத்துவரும் வாலும் அதே அளவில் குட்டையாகிறது. ஷெடியூலர் எதுவானாலும் பலன் தரும் மாற்றம் இது என்பதால் இதையே முதலில் செய்யச் சொல்வேன்.

எங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தவர்கள் நாம். அந்த நிலை இப்போது இல்லையென்றாலும், மாரி காலத்தில் கடல்காற்று வீசியடித்து மின்சாரம் போவது திருகோணமலையில் புதினமல்ல. மின்சாரம் போகும் கணத்தில் டேர்ட்டி பக்கங்களில் இருப்பது போனதுதான். இயல்பு அமைப்பில் ஒரு பக்கம் 30 வினாடி வயதான பிறகே கட்டாயம் எழுதப்படும் நிலைக்கு வருகிறது. திரையில் கொப்பி முடிந்தது என்று வந்தவுடன் காட்டை அழித்துவிட்டு, அந்த நிமிடமே மின்சாரம் போனால் தாலி கட்டும் காட்சி அந்தக் கணக்கில் போய்விடும். கலியாணத்தைத் திரும்ப எடுக்க முடியாது. வரம்பு என்னவாக இருந்தாலும், தேங்கியதையெல்லாம் வட்டுக்கு எழுதச் சொல்லும் சிங்க் கட்டளை முடிந்து திரும்பாமல் காட்டில் கைவைக்க வேண்டாம்.

தெரிவு நான்கு: சி-குரூப்

சி-குரூப் என்பது நிரல்களைக் குழுவாகப் பிரித்து எல்லை வைக்கும் கேர்னல் வசதி. கொப்பி வேலையைத் தனிக் குழுவில் போட்டு, ஐஓ மக்ஸ் மூலம் வினாடிக்கு இத்தனை மெகாபைட்தான் என்று கட்டலாம். அல்லது 5.4இல் வந்த ஐஓ கொஸ்ட் மூலம் பங்கு வைக்கலாம். ஃப்ளஷர் எழுதினாலும் சரக்கு யாருடையது என்று 4.2இலிருந்து கணக்கு வைக்கப்படுகிறது, ஆகவே ஐயோநைஸ் தோற்ற இடத்தில் இது வேலைசெய்யும். இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் என்ற மூன்று கோப்பு முறைமைகளிலும் இந்தக் கணக்கு உண்டு. குழுவுக்கு நினைவக எல்லையும் சேர்த்து வைத்தால்தான் பயன், ஏனெனில் குழுவின் டேர்ட்டி வரம்பு அதன் நினைவகத்தை வைத்தே கணிக்கப்படுகிறது.

பல பேருக்கு இடம் கொடுக்கும் சேர்வருக்கு இது தேவை. இரண்டு பேர் வேலைசெய்யும் ஸ்டுடியோவில் இதைப் பராமரிக்க ஆளில்லை. அதோடு, ஜேர்னல் சிக்கல் இங்கேயும் தொடரும். கட்டிவைத்த குழுவின் வீடியோவுக்காகப் பில் காத்திருக்க நேர்ந்தால், கட்டு இறுக இறுகக் காத்திருப்பு நீளும். மச்சானுக்கு வேண்டாம் என்றேன்.

தெரிவு ஐந்து: கணக்கை வேறு வட்டுக்கு மாற்றுவது

ஒரு சிறிய என்விஎம்ஈ எஸ்.எஸ்.டி. வாங்கி கணக்கை மட்டும் அதில் வைத்தால் ஜேர்னல் பிரிந்துவிடும், வரிசையும் பிரிந்துவிடும். அந்த வட்டுக்கு ஷெடியூலரே வேண்டாம், கேர்னலும் இயல்பாக 'நன்' (எதுவுமில்லை) என்றே விடும். கைபர் என்ற ஷெடியூலரும் வேக வட்டுகளுக்காக உண்டு, இந்த அளவு வேலைக்கு அதைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை.

இதைச் செய்தால் தெரிவு மூன்று தேவையில்லை என்று நினைக்கக் கூடாது. டேர்ட்டி வரம்பு கணினி முழுவதற்கும் பொது. 2008 தொடக்கத்தில் வந்த 2.6.24க்கு முன், ஒரு மெதுவான பென் ட்ரைவ் முழு வரம்பையும் நிரப்பி, அதோடு சம்பந்தமே இல்லாத வட்டில் எழுதுகிறவனையும் தூங்கவைத்துவிடும். பீட்டர் சைல்ஸ்ட்ரா அதைத் திருத்தி, ஒவ்வொரு சாதனமும் எழுதி முடிக்கும் வேகத்துக்கேற்பப் பங்கு பிரித்தார். இன்று பெரும்பாலும் தப்பிவிடலாம். பொது வரம்பு மட்டும் பொதுவாகவே இருக்கிறது.

பின்னறையில் காப்புப் பிரதிக்கு வைத்திருந்த வெளிவட்டு எஸ்எம்ஆர் வகை. ஓடு வேய்ந்ததுபோல் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பவை. ஓர் இடத்தைத் திருத்த அதன் மேல் படிந்த தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். முதல் சில கிகாபைட் வேகமாகப் போய், பிறகு திடீரென்று இழுத்துக்கொண்டு நிற்கும். அதற்கு அந்தச் சாதனத்தின் மக்ஸ் ரேஷியோ அமைப்பை 5 என்று குறைத்தோம். அந்த வட்டு பொது வரம்பில் 5 வீதத்துக்கு மேல் பிடிக்காது. ஷெடியூலரால் அந்த வட்டைத் திருத்த முடியாது, தாமதம் உள்ளே நடக்கிறது.

முடிவில் நாங்கள் செய்தது: எம்கியூ-டெட்லைன் அப்படியே, டபிள்யூ.பி.டி. 75 மில்லிவினாடியில் அப்படியே, வரம்பு 512க்கும் 128க்கும். முதல் வாரம் எஸ்.எஸ்.டி. இல்லாமலே பார்த்தோம். பில் நிற்பது ஓரிரு வினாடிக் கணக்குக்கு வந்தது, மச்சானின் தொலைபேசி வருவதும் நின்றது. அடுத்த மாதம் கணக்கை எஸ்.எஸ்.டி.க்கு மாற்றினோம். வீட்டில் ஒரே வட்டோடு எடிட்டிங் செய்கிற ஒருவர் கேட்டால் அவருக்கு நான் சொல்வது வேறு: அதே 512, ஆனால் பி.எஃப்.கியூ. அவர் காத்திருப்பது காட்சிகளைத் திறக்கும் வாசிப்புக்காக, எஃப்சிங்குக்காக அல்ல.

மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேர்னல் தரும் மெம்இன்ஃபோ கோப்பில் டேர்ட்டி, ரைட்பெக் (வட்டுக்கு எழுதப்பட்டுக்கொண்டிருப்பது) என்ற இரண்டு வரிகளை வினாடிக்கொரு தரம் பாருங்கள். டேர்ட்டி பெருத்து ரைட்பெக் சிறுத்திருந்தால் தேக்கம் வீதியில், வரம்பைத் தொடுங்கள். டேர்ட்டி சிறிதாக இருந்தும் வாசிப்பு நிற்கிறதென்றால் தேக்கம் துறையில், அப்போது ஷெடியூலரையும் டபிள்யூ.பி.டி.யையும் பாருங்கள். 4.20 அல்லது அதற்குப் பிந்திய கேர்னலில் பிரஷர் அடைவிலுள்ள ஐஓ கோப்பு, வேலைகள் எவ்வளவு நேரம் வட்டுக்காக முடங்கின என்பதை 10, 60, 300 வினாடிச் சராசரிகளாகத் தரும். மூன்று காட்களையும் செருகிவிட்டு, முன்மேசையில் ஒரு பில்லும் அடித்துக்கொண்டே அதைப் பாருங்கள்.